கரி முதல் வைரம் வரை: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: வைரம் தீயில் எரியுமா சார்? எரியாது என்று தாத்தா சாதிக்கிறார்.

எரியும். 1772இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் பெரிய வில்லையால் வெயிலைக் குவித்து வைரத்தை எரித்தே காட்டினார். 1797இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஸ்மித்சன் டெனன்ட் எடை போட்டுப் பார்த்தார்: வைரமும் அதே எடைக் கரியும் எரிந்து தருவது ஒரே அளவு கார்பன் டை ஆக்சைடு. ஆக, இரண்டும் கார்பன்தான். பொற்கொல்லர் வைர நகையைச் சூடாக்கிப் பற்றவைத்து ஒட்டும்போது கல்லின் மேல் போரிக் அமிலம் பூசுவதும் மேற்பரப்பு கருகாமல் இருக்கத்தான்.

கேள்வி: பென்சிலைக் கடித்தால் ஈயம் உடம்பில் ஏறுமா?

ஏறாது. உள்ளே இருப்பது கிராஃபைட்டும் (இதுவும் கார்பன்தான்) களிமண்ணும்.

கேள்வி: கொடைக்கானலில் இருக்கிறோம். குளிருக்கு அறைக்குள் கரிக் கங்கு வைக்கலாமா? புகையே வராது.

கூடவே கூடாது. புகை வந்தாலாவது இருமி எழுந்துவிடுவீர்கள். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கல்தூணுக்கு கார்பன் டேட்டிங் செய்து வயது கண்டுபிடிக்க எங்கே போக வேண்டும்?

எங்கேயும் போக வேண்டாம், கல்லுக்குச் செய்ய முடியாது. உயிரோடு இருக்கும்வரை செடியும் விலங்கும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். செத்தபின் வரவு நின்று, 5730 ஆண்டுக்கு ஒருமுறை இருப்பு பாதியாகும். அந்த மிச்சத்தை அளந்துதான் வயதைக் கணக்கிடுகிறோம். சிற்பி உளி வைத்த நாள் கருங்கல்லில் பதிவதில்லை.

கேள்வி: ஐம்பொன் சிலைக்கு?

உலோகமும் உயிரோடு இருந்ததில்லை.

கேள்வி: பாட்டியின் ஆட்டுக்கல்லுக்கு?

கல். மேலே படியுங்கள் அய்யா.

கேள்வி (தூண்காரர் மறுபடியும்): அப்படியானால் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழிக்கு கி.மு. 1155 என்று எப்படிச் சொன்னார்கள்? அதுவும் வெறும் மண்தானே?

இது கேள்வி! அளந்தது தாழியை அல்ல, அதற்குள் கிடைத்த நெல் உமியை. கரித்துண்டைவிட நெல் மேல். பெரிய மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதி, வெட்டும்போதே இருநூறு வயதுகூட ஆகியிருக்கலாம். அதன் கரியை அளந்தால் மரம் வளர்ந்த காலம்தான் வரும், அடுப்பு எரிந்த காலம் வராது. நெல்லில் அந்தத் தொல்லை இல்லை, விளைந்த வருடமே அதன் வயது.

கேள்வி: நெல்லை எலி இழுத்துப் போயிருந்தால்?

நியாயமான சந்தேகம். ஆனால் எலி மேலிருந்து கீழே இறக்குவது பிற்கால நெல்லை. அதனால் வயது குறையுமே தவிர, கூடாது. ஒரேயொரு மாதிரியின் (சாம்பிளின்) அளவை மட்டும் நம்பக் கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கேள்வி (தூண்காரர்): கோயில் சுவரின் சுண்ணாம்புக் காரை?

விடமாட்டீர்கள் போல! சரி, அதற்கு வழி உண்டு. சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்கிறது, ஆக அந்தக் காலத்துக் காற்று உள்ளே இருக்கிறது. ஆனால் சூளையில் சரியாக வேகாத சுண்ணாம்புக்கல் துணுக்கு கலந்திருந்தால் வயது எக்கச்சக்கமாகக் கூடிவிடும். பின்னால் யாராவது பூசிய காரையாக இருந்தால் அந்தப் பூச்சின் வயதுதான் கிடைக்கும். அனுபவசாலி ஆய்வகம் வேண்டும்.

கேள்வி: கிராஃபைட் நம் பக்கம் கிடைக்கிறதா?

சிவகங்கையில் இருக்கிறது, தமிழக அரசின் கனிம நிறுவனமான டாமின் வெட்டுகிறது. இலங்கையின் போகலையில் பாறைக்குள் நரம்பாக ஓடும் வகை, இன்னும் சுத்தமானது.

கேள்வி (கொடைக்கானல்காரர்): ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக் கங்கு மூட்டினால்?

வேண்டாம். கம்பளி வாங்குங்கள்.