மஸ்டரும் அரைப்பேரும்

அன்புள்ள அம்மா,

ஓர் ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 'மஸ்டர்' என்ற வினைச்சொல் அடிக்கடி வருகிறது. அகராதி 'ஒன்று திரட்டு' என்கிறது. 'அசெம்பிள்', 'கன்வீன்' எல்லாமும் அதே பொருள்தானே? எல்லாவற்றுக்கும் 'கூட்டு' என்றே போட்டுவிடலாமா? இந்தச் சின்ன வித்தியாசத்தை யார் கவனிக்கப்போகிறார்கள்?

ர.

அன்புள்ள ர.,

அந்தக் கடைசி வரி எனக்குக் கோபத்தை வரவழைத்தது. யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைக்கிறவர் மொழிபெயர்க்க உட்காரவே கூடாது.

கன்வீன் என்றால் கூட்டத்துக்கு அழைப்பது, அழைக்கிறவர் கன்வீனர். அசெம்பிளுக்குக் 'கூடு' போதும். அவற்றை விடுங்கள்.

மஸ்டர் வேறு. லத்தீனில் 'காட்டு' என்று பொருள்படும் மான்ஸ்ட்ராரே, பழைய பிரெஞ்சு வழியாக இப்படி ஆனது. படையாட்களை வரிசையில் நிறுத்தி, ஆள் இருக்கிறானா, ஆயுதம் இருக்கிறதா என்று பார்த்துப் பேரைக் குறிப்பது மஸ்டர். கப்பலில் ஆபத்து என்றால் பயணிகள் போய் நிற்கும் இடம் மஸ்டர் ஸ்டேஷன். அங்கே தலை எண்ணுவார்கள். ஒரு தலை குறைந்தால் தேடிப் போக வேண்டும்.

என் அம்மாச்சிக்கு இது நன்றாகத் தெரியும். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டதும் பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். பரேட் என்ற சொல்தான் மலையகத்தில் பெரட்டு ஆனது. அங்கே ஆள் கணக்கெடுத்து மலைக்கு அனுப்புவார்கள். சாயங்காலம் நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அதாவது பாதிக் கூலி. "முழு ஆளா நின்னேன், அரை ஆளா எழுதிட்டான்" என்று ஒரு மழை நாளைப் பற்றிக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், என்ன படித்தாய் என்று கேட்க மாட்டார். "பேர் போட்டாங்களா?" என்பார்.

அப்புறம், ராஜஸ்தான். 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட்கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு தன் முதல் ஜன் சுன்வாயை, அதாவது மக்கள் விசாரணையை, நடத்தியது. அரசு வேலைகளின் கணக்கை ஊரார் முன்னால் உரக்கப் படிக்கும் கூட்டம் அது. அந்தக் கூட்டங்களில் மஸ்டர் ரோல்களை, அதாவது வேலைக்கு வந்தவர்களின் பேரும் கூலியும் எழுதிய பதிவேடுகளை, படிக்கப் படிக்க, வேலைக்கே வராதவர்கள் பேரிலும் செத்துப்போனவர்கள் பேரிலும் கூலி எழுதியிருந்தது வெளியே வந்தது. வெயிலில் மண் சுமந்தவர்களுக்கோ கூலி குறைவு. மஸ்டர் ரோலைக் காட்டு என்று கேட்டுத்தான் அவர்கள் போராடினார்கள். காட்டு! அந்தச் சொல்லின் வேரே அதுதான். அந்தக் கோரிக்கை வளர்ந்துதான் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. செத்தவருக்கு முழுப்பேர், என் அம்மாச்சிக்கு அரைப்பேர். இதை எப்படி 'கூட்டு' என்ற ஒரு சொல்லுக்குள் அடைப்பீர்கள்?

உங்கள் கட்டுரையில் யார் யாரை மஸ்டர் செய்கிறார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. ஆஸ்திரேலியாவில் ஆடுமாடுகளைக்கூட மஸ்டர் செய்வார்கள். அதற்கு 'ஓட்டிச் சேர்' சரி. துணிச்சலை என்றால் 'வரவழைத்துக்கொள்'. படை என்றால் 'அணிவகுத்துக் கணக்கெடு'. கூலியாட்கள் என்றால், தம்பி, 'பேர் போடு' என்று எழுதிவிட்டு, அந்தப் பத்தியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.