ராயல் பூங்காவில் கங்காருவைத் தேடுகிறவர்களுக்கு

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் சிட்னிக்குத் தெற்கே உள்ள ராயல் தேசியப் பூங்காவைப் பற்றியவை. 1879இல் அறிவிக்கப்பட்டது, ஆஸ்திரேலியாவின் முதல் தேசியப் பூங்கா.

இரண்டு முறை போயும் ஒரு கங்காருகூடக் கண்ணில் படவில்லை. தப்பான இடத்துக்குப் போனோமா?

கங்காருவுக்கு ஆசைப்பட்டால் இந்தப் பூங்கா ஏமாற்றும். அதற்கு வேண்டியது புல்வெளி. இங்கே அதிகம் இருப்பது மணற்பாறையும் புதரும். இங்கே பார்க்க வேண்டியது சதுப்பு வாலபி, கங்காருவின் சிறிய உறவு. கருத்த ரோமம், தனியாகத் திரியும், ஒரு கணம் முறைத்துப் பார்த்துவிட்டு ஒரே தாவலில் மறைந்துவிடும். விடியற்காலையில் அல்லது பொழுது சாயும் நேரத்தில் போய், ஓரிடத்தில் இருபது நிமிடம் வாய் திறக்காமல் உட்காருங்கள். பத்துப் பேர் கும்பலாகக் கதை பேசிக்கொண்டு போனால் எதுவும் தென்படாது. அப்புறம், "மான் பார்த்தோம்" என்று படம் அனுப்பியவர்களுக்கு: அது ரூசா மான். வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. காட்டுச் செடிகளை மேய்ந்து தீர்க்கிறது.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி. எங்கே கூட்டிப்போகலாம்?

பூங்காவுக்குள் ஆட்லி என்ற இடத்தில் தொடங்கும் லேடி கேரிங்டன் டிரைவ். பழைய வண்டிப் பாதை, இப்போது கார் கிடையாது. ஹாக்கிங் ஆற்றை ஒட்டியே போகும், பெரிய ஏற்றம் இல்லை. மொத்தம் பத்து கிலோமீட்டர் அளவு. முழுதும் நடக்க வேண்டியதில்லை, கால் வலித்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். குளிர்காலம் என்றால் இன்னும் நல்லது, ஆண் லயர் பறவை பாடும் காலம் அது. ஆஸ்திரேலியப் பத்து சென்ட் நாணயத்தில் இருக்கிறதே, அதே பறவைதான். ஐந்தாறு பறவைகளின் குரல் ஒரே புதரிலிருந்து அடுத்தடுத்து வந்தால், அது ஐந்தாறு பறவை அல்ல, மற்றப் பறவைகளைப் போலவே குரல் கொடுக்கும் இவர் ஒருவரே.

பாம்பு கடித்தால் என்ன செய்வது? நினைத்தாலே பயம்.

செவ்வயிற்றுக் கரும்பாம்பு இங்கே உண்டு. நீங்கள் நின்று வழிவிட்டால் அது தன்பாட்டில் போய்விடும். கடித்துவிட்டால் நம் ஊர்ப் பழக்கத்தில் கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கீறவோ கழுவவோ வேண்டாம். அகலமான எலாஸ்டிக் பேண்டேஜை முதலில் கடித்த இடத்தின்மேல் சுற்றி, பிறகு விரலிலிருந்து மேல்நோக்கிக் கை அல்லது கால் முழுவதும் இறுக்கமாகச் சுற்றுங்கள். குச்சி வைத்து அசையாமல் கட்டி, அவசர உதவி எண் 000 அழையுங்கள். கடிபட்டவர் நடக்கக் கூடாது. இரண்டு பேண்டேஜ் பையில் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

கடலோரப் பாதையை ஒரே நாளில் முடிக்க முடியுமா?

பண்டீனாவிலிருந்து ஒட்ஃபோர்டு வரை 26 கிலோமீட்டர். நடந்து பழகியவர்களால் முடியும். மற்றவர்கள் முன்பதிவு செய்து, நார்த் ஈரா முகாமில் கூடாரம் போட்டு இரண்டு நாளில் நடக்கலாம். வழியில் வெட்டிங் கேக் ராக்கில் வேலி தாண்டிப் படம் எடுக்காதீர்கள், அந்தப் பாறை எப்போது வேண்டுமானாலும் சரியலாம். 8 என்ற எண்ணின் வடிவில் உள்ள கடலோரப் பாறைக் குளங்களுக்கு (Figure Eight Pools) அலை எச்சரிக்கை பார்க்காமல் போகவே வேண்டாம்; பலரை அலை பாறையில் அடித்திருக்கிறது.

நாயைக் கூட்டிப்போகலாமா?

கூடாது.

சாப்பாடு கொண்டுபோகலாமா?

தாராளமாக. புளியோதரையை விட்டுவிடும், சிக்கன் 65 என்றால் கூக்கபரா பறவை கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும். நீங்களாக எதற்கும் ஊட்டாதீர்கள். கடும் வெயில் நாளில் காட்டுத்தீ அபாயத்தால் பூங்காவையே மூடிவிடுவார்கள், முதல் நாள் இரவே பார்த்துக்கொள்ளுங்கள்.