கோவில்பிள்ளையின் சம்பளமா, கோபுரமா?

அன்புள்ள ஐயா,
ஸ்தோத்திரம். போன மாதம் என்னை எங்கள் சபைக்குப் பொருளாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை ஏலத்தில் நல்ல தொகை சேர்ந்திருக்கிறது, கோபுரத்தை உயர்த்திக் கட்டலாம் என்கிறது கமிட்டி. மணி அடித்து ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் கோவில்பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய்தான், ஆறு வருடமாக ஏற்றவில்லை. கேட்டால், “அவர் செய்வது ஊழியம், கூலி வேலையா?” என்கிறார்கள். நல்ல உக்கிராணக்காரன், அதாவது ஒப்படைத்ததைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறவன், இதில் என்ன செய்ய வேண்டும்?

தம்பிக்கு,
முதலில் சம்பளத்தை ஏற்றுங்கள். கோபுரம் அப்புறம்.

ஊழியம் என்று சொல்லியே ஒரு மனுஷனை அரை வயிற்றோடு வைத்திருப்பதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. விடியுமுன் முதல் மணி அடிக்கிறவர், பெருக்கி, பாய் விரித்து, ராத்திரி பத்து மணிக்குச் சாவுச் செய்தி வந்தாலும் எழுந்து போய்த் துக்க மணி அடிக்கிறவர் அவர். வேதத்தில் யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள், வயலை அறுத்தவனுக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொண்ட கூலியே கூக்குரலிடுகிறது. அந்தக் கூலி இப்போது உங்கள் சபை பீரோவில் இருக்கிறது, சாவி உங்கள் கையில்.

எங்கள் ஆச்சி உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருந்த கலயத்தில் போடுவாள், அன்றைக்கு வீட்டில் அரிசி குறைவாக இருந்தாலும் அந்தப் பிடி குறையாது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிடியரிசி கோவிலுக்குப் போகும். உங்கள் கணக்குப் புத்தகத்தில் வரவு என்று எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இப்படி ஒரு கை இருக்கிறது.

ஆதிச் சபையில் வந்த முதல் சச்சரவுகளில் ஒன்றே பந்தி விஷயம்தானே. கிரேக்கு பேசின விதவைகளைத் தினசரி விசாரிப்பில், அதாவது சாப்பாடு பங்கிடுவதில், விட்டுவிட்டார்கள் என்று முறுமுறுப்பு வந்ததும், அதற்கென்றே ஏழு பேரை நியமித்தார்கள் (அப்போஸ்தலர் 6). 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினவர்களும் நம் பணம், நம் ஆட்கள், நம் நிர்வாகம் என்றுதான் நின்றார்கள். பணமும் ஆளும் அவர்களுக்கு ஒரே பொறுப்பாக இருந்தது.

கோபுரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சம்பளம், பண்டிகைக்கு ஒரு மாதச் சம்பளம், அவர் பிள்ளைகள் படிப்பு, இதெல்லாம் போக மீதி இருந்தால் கட்டுங்கள்.

இன்னொன்று, காணிக்கைப் பையைத் தனியாக எண்ணாதீர்கள், உங்களை யாரும் சந்தேகப்படாவிட்டாலும் சரி. எருசலேமுக்குத் தர்மப்பணம் அனுப்பும்போது யாரும் குற்றம் சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று பவுலே தீத்துவோடு வேறு சகோதரரையும் கூட்டி அனுப்பினார். இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வருஷக் கணக்கை ஆராதனை முடிந்ததும் சபை முன்னால் சத்தமாக வாசியுங்கள். அன்றைக்கு மட்டும் மணிக்கயிற்றை வேறு யாராவது பிடிக்கட்டும், கோவில்பிள்ளை தன் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கட்டும்.