கறுப்பு மிட்டாய், மேப்பிள் பாகு, வீங்கிய டப்பா: வெளிநாட்டுப் பண்டங்கள் பற்றிய உங்கள் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுத் தின்பண்டங்களைப் பற்றியவை. பிள்ளைகள் பெட்டியில் கொண்டுவந்தவை, பெரிய கடைகளின் அலமாரியில் பார்த்தவை, பயணத்தில் கண்ணில் பட்டவை என்று பலவும் இருந்தன. புதிய சுவை எதையும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எதை வாங்குகிறோம், அந்த ஊர்க்காரர்கள் அதை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு வாயில் வைத்தால் காசும் வீணாகாது, உடம்புக்கும் கேடில்லை.

கேள்வி: பின்லாந்தில் வேலை பார்க்கும் மகன் ஒரு டப்பா கறுப்பு மிட்டாய் கொண்டுவந்தான். வாயில் போட்டதும் உப்புக் கரித்து, மூக்கில் ஒரு நெடி ஏறியது. கெட்டுப்போன சரக்கா? ஆனால் என் மாமியார், "மருந்துக்கடைச் சூரணம் மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது" என்று தினமும் நாலைந்து சாப்பிடுகிறார். அவர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். (கோவை வாசகி)

பதில்: கெட்டுப்போகவில்லை. அதன் பெயர் சல்மியாக்கி. பின்லாந்து, சுவீடன், நெதர்லாந்து மக்களுக்கு உயிரான மிட்டாய் அது. உங்கள் மாமியாரின் நாக்கு சரியாகவே கண்டுபிடித்திருக்கிறது: அதில் இருப்பவை இரண்டும் நமக்குப் பழக்கமானவை. ஒன்று அதிமதுரம். மற்றொன்று அம்மோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூளைத் தூவுவார், உடனே புகை எழும், பார்த்திருப்பீர்கள். அதே உப்புதான், உண்ணும் தரத்தில். சளியைக் கரைக்க இருமல் மருந்துகளில் சேர்த்த பொருள் அங்கே காலப்போக்கில் மிட்டாயாகிவிட்டது. பழகாதவர்கள் ஒன்றை எடுத்து, மெல்லாமல் நாக்கில் மெதுவாகக் கரைய விடுங்கள். முதல் நெடி அடங்கியதும் அதிமதுரத்தின் இனிப்பு மேலே வரும். எனக்கு மூன்றாவது மிட்டாயில்தான் பிடித்தது.

ஆனால் உங்கள் மாமியாருக்கு இது வேண்டாம். இன்றே நிறுத்துங்கள். அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் என்ற பொருள் உடலில் உப்பையும் நீரையும் தங்கவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றும். அதனால் ரத்த அழுத்தம் ஏறும், இதயத் துடிப்பு தடுமாறும். ஒரு கிலோவில் 4 கிராமுக்கு மேல் இந்தப் பொருள் உள்ள மிட்டாய்களில், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிகம் உண்ணக் கூடாது என்று அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. மகனிடம் டப்பாவில் உள்ளதைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 54 வயது மனிதர் ஒருவர் சில வாரங்கள் தினமும் ஒன்றரைப் பாக்கெட் கறுப்பு அதிமதுர மிட்டாய் தின்று, இதயம் நின்று இறந்ததை 2020இல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அது மிக அதிக அளவுதான். ஆனாலும் மாத்திரையில் இருப்பவருக்குத் தினம் நாலைந்து என்பதே கவலைப்பட வேண்டிய பழக்கம். இதுவரை சாப்பிட்டதை அவருடைய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் இதைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மேப்பிள் சிரப் என்று ஒரு பாட்டில் இருநூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, அதே அளவு ஆயிரத்துக்குப் பக்கத்திலும் இருக்கிறது. பெயருக்காகவா இந்த விலை? (சென்னை வாசகர்)

பதில்: இல்லை. இரண்டும் வேறு வேறு பொருட்கள். பாட்டிலைத் திருப்பி, மூலப்பொருட்கள் என்ற வரியைப் பாருங்கள். உண்மையான மேப்பிள் பாகில் ஒரே ஒரு பொருள்தான் இருக்கும். சோளச் சர்க்கரைப் பாகு, கேரமல் நிறம், சுவையூட்டி என்று பட்டியல் நீண்டால் அது மேப்பிள் மரத்தைப் பார்த்தே இராத பாகு. முன்பக்கத்தில் 'பான்கேக் சிரப்' என்றோ 'மேப்பிள் சுவை' என்றோ எழுதியிருப்பார்கள். நாம் அவசரத்தில் 'மேப்பிள்' என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு எடுத்துவிடுகிறோம்.

விலைக்குக் காரணத்தை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் வேலைதான் அது. பதநீரில் சர்க்கரை பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கும். மேப்பிள் மரத்து நீரில் இரண்டு சதவீதம்தான். ஏறக்குறைய 40 லிட்டர் நீரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். அதுவும் குளிர்காலம் முடியும் சில வாரங்களில், இரவு உறைந்து பகலில் உருகும் நாட்களில் மட்டும்தான் மரம் நீர் தரும். உலகத்து மேப்பிள் பாகில் பெரும்பகுதி கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இருந்து வருகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போலி மேப்பிள் வாசனைக்குப் பயன்படும் பொருட்களில் ஒன்று நம் வெந்தயம். 2005 முதல் நியூயார்க் நகரில் அவ்வப்போது எங்கிருந்தோ மேப்பிள் வாசம் வீசியது. மக்கள் பயந்து புகார் செய்தார்கள். பக்கத்து நியூஜெர்சியில் வெந்தயத்தைப் பதப்படுத்தும் ஆலையிலிருந்து காற்றில் வந்த வாசம் அது என்று 2009இல் நகர நிர்வாகம் அறிவித்தது.

வாங்குவதானால் மிகச் சிறிய பாட்டிலாக, அடர்ந்த நிறத்தில் உள்ளதை வாங்குங்கள். வெளிர் நிறம் மேல்தரம், கருமை மட்டம் என்று நினைக்க வேண்டாம். பருவத்தின் கடைசியில் எடுப்பது கறுத்திருக்கும், மணமும் அழுத்தமாக இருக்கும். கருப்பட்டி பழகிய நாக்குக்கு அதுதான் பிடிக்கும். திறந்த பாட்டிலைக் குளிர்பெட்டியில் வையுங்கள், வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். விலை கட்டுப்படியாகாது என்றால் போலியை வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு உடன்குடிக் கருப்பட்டி வாங்கிப் பாகு காய்ச்சித் தோசைக்கு ஊற்றலாம்.

கேள்வி: மார்மைட் சைவம் என்று கேள்விப்பட்டு வாங்கினேன். ஜாம் போல் ரொட்டியில் தடவிச் சாப்பிட்டதும் வாயெல்லாம் உப்பு, கசப்பு. பாட்டிலைத் தூக்கிப் போட மனமில்லை. (மதுரை வாசகி)

பதில்: போடாதீர்கள்! அது ஜாம் இல்லை. பீர் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுத்த சாறு. 1902இல் இங்கிலாந்தின் பர்ட்டன் என்ற பீர் ஊரில் தொடங்கியது. நூறு கிராமில் சுமார் 10 கிராம் உப்பு இருக்கும். சூடான ரொட்டியில் முதலில் தாராளமாக வெண்ணெய் தடவுங்கள். பிறகு கத்தி நுனியில் கால் தேக்கரண்டிக்கும் குறைவாக எடுத்து, ரொட்டி தெரியும்படி மெல்லியதாக இழுத்துவிடுங்கள். ஆஸ்திரேலியர்கள் இதே போன்ற தங்கள் ஈஸ்ட் சாறான வெஜிமைட்டையும் இப்படித்தான் சாப்பிடுகிறார்கள். இலங்கையில் இதை வெந்நீரில் கரைத்து, தேசிக்காய் (எலுமிச்சை) பிழிந்து குடிப்பார்கள். மழை நாளில் அது மிக நன்றாக இருக்கும். காளான் குழம்பிலோ பருப்புச் சூப்பிலோ அரைத் தேக்கரண்டி கரைத்தால் இறைச்சிச் சாற்றின் ஆழம் வரும், உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாட்டில் மீது எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, நெசவாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளின் கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். மலிவான இந்த ஈஸ்ட் சாறு அவர்களைக் குணமாக்கியதை 1931இல் எழுதினார். அதில் இருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. இன்று கருவுற்றதும் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைக்கு வழிவகுத்த ஆராய்ச்சி அது.

பார்லி, கோதுமையின் புரதமான குளூட்டன் ஒவ்வாதவர்கள் மட்டும் இதைத் தொட வேண்டாம்.

கேள்வி: சுவீடன் நண்பர் அழுகிய மீன் டப்பா ஒன்றை அனுப்புவதாகச் சொல்கிறார். வீங்கியிருக்கும், பயப்படாதே என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: அன்போடு மறுத்துவிடுங்கள். சர்ஸ்ட்ராமிங் என்ற அந்த மீன் அழுகியதில்லை. பால்டிக் கடல் ஹெர்ரிங் மீனைக் குறைந்த உப்பில் புளிக்கவைத்தது. டப்பாவுக்குள்ளும் புளிப்பு தொடர்வதால் வாயு சேர்ந்து வீங்கும். அதனாலேயே 2006இல் ஏர் பிரான்ஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் தங்கள் விமானங்களில் இதற்குத் தடை போட்டன. ஆகஸ்டில் சுவீடன் போக நேர்ந்தால், திறந்தவெளியில், மெல்லிய ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, வெங்காயத்தோடு அவர்கள் பரிமாறும்போது சாப்பிட்டுப் பாருங்கள்.

வேறு எந்த டப்பா வீங்கியிருந்தாலும் அதற்குள் நச்சுக்கிருமி இருக்கலாம். தள்ளுபடியில் கிடைக்கும் டின் மீன், டின் காளான் எதிலாவது மூடி உப்பியிருந்தால் திறக்காமல், ருசி பார்க்காமல் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: பாலித் தீவுக்குப் போகிறோம். மரநாய் தின்று கழித்த கொட்டையில் போடும் காப்பியை வாங்கி வரச் சொல்கிறார்கள். அசல் எது என்று எப்படி அறிவது? (பெங்களூரு வாசகி)

பதில்: கடையில் நின்று அறிய வழியே இல்லை, ஆய்வகச் சோதனை வேண்டும். காட்டில் பொறுக்கியது என்ற சீட்டை நம்பவும் முடியாது. இரவில் பல மைல் அலைந்து பழமும் பூச்சியும் தின்னும் பிராணியைக் கம்பிக் கூண்டில் அடைத்து, காப்பிப் பழத்தையே திணித்துத்தான் பெரும்பாலும் இந்தக் கொட்டையை எடுக்கிறார்கள். வாங்க வேண்டாம். அதே தீவில் கிந்தாமணி மலைச் சரிவில் விளையும் சாதாரண அரபிகா காப்பி நல்ல மணம். அதை வாங்கி வாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடையில் கொரிய, ஜப்பானிய மிட்டாய்கள் குவிந்திருக்கின்றன. லேபிளில் ஒரு எழுத்தும் புரியவில்லை. நாங்கள் சைவம், வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. (திருநெல்வேலி வாசகர்)

பதில்: புரியாத லேபிளோடு விற்பதே தவறு. இறக்குமதியான பண்டத்தில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ விவரம் இருக்க வேண்டும். இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண், சைவ அசைவக் குறி ஆகியவை ஒட்டுச்சீட்டிலாவது இருக்க வேண்டும். பச்சை வட்டம் சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம். ஒட்டுச்சீட்டே இல்லை என்றால் முறையான வழியில் வந்த சரக்கு என்று நம்ப இடமில்லை.

இழுபடும் மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கலாம், அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. சிவப்பு நிறத்துக்கு 120 என்ற எண் போட்டிருந்தால் அது ஒரு பூச்சியிலிருந்து எடுத்த சாயம். துருக்கியின் லோக்கும் மிட்டாய் வழக்கமாக மாவுச்சத்தில் செய்வது. அரிசி மாவில் செய்யும் ஜப்பானிய மோச்சியும் பொதுவாகச் சைவத்துக்கு ஏற்றதுதான். ஆனால் மோச்சியைக் குழந்தைக்கும் முதியவருக்கும் கொடுக்க வேண்டாம், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். ஜப்பானிலேயே புத்தாண்டு நாட்களில் முதியவர்கள் இப்படி மூச்சடைத்து இறக்கிறார்கள். சின்னக் கிண்ணத்தில் வரும் கொன்னியாக்கு ஜெல்லியைக் குழந்தையின் கண்ணிலேயே காட்டாதீர்கள். உறிஞ்சும்போது நேராகத் தொண்டையில் போய் அடைக்கும், வாயில் கரையவும் செய்யாது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இலேயே அதைத் தடை செய்துவிட்டது.

காலாவதித் தேதிமேல் புதிய சீட்டு ஒட்டிய சாக்லேட்டை நானே ஒருமுறை வாங்கி ஏமாந்தேன். பில் இல்லாததால் கடைக்காரர் என் கடையில் வாங்கியதே இல்லை என்று சொல்லிவிட்டார். அன்று முதல் பத்து ரூபாய்ப் பண்டத்துக்கும் பில் கேட்கிறேன். பில்லையும் உறையையும் படமெடுத்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: அம்மாவைச் சிங்கப்பூருக்கு அழைத்து வருகிறேன். டுரியான் பழம் சாப்பிட வேண்டும் என்கிறார். சர்க்கரை நோய் உண்டு. எப்படி வாங்குவது? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அழைத்து வாருங்கள், பழம் நிறைய வரும். ஓட்டோடு சேர்த்துத்தான் எடை போடுவார்கள், உள்ளே சுளை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். ஆகவே கிலோ விலையைக் கேட்டு, மொத்தத் தொகையையும் பேசிவிட்டு, அதன் பிறகு வெட்டச் சொல்லுங்கள். முசாங் கிங் என்ற டுரியான் வகை என்று சொன்னால் காம்புக்கு எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள்: முள்ளில்லாத நட்சத்திர வடிவம் தெரியும். சுளை ஈரமாக, புளித்த வாடையோடு இருந்தால் மாற்றிக் கேளுங்கள், நல்ல கடைக்காரர் மாற்றித் தருவார். மலேசியப் பழம் மரத்தில் பழுத்துத் தானே விழுவது. அன்றே சாப்பிட்டுவிட வேண்டும்.

நூறு கிராம் சுளையில் ஏறக்குறைய 147 கலோரி. அம்மாவுக்கு ஒரு சுளை போதும், அன்று மதியச் சோற்றைக் குறைத்துக்கொள்ளட்டும். அதன் கடும் வாடையால் ரயிலிலும் பேருந்திலும் டுரியானைக் கொண்டுபோக முடியாது என்பதால் கடை மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

ஊர் திரும்பிய பின் மறுபடி ஆசை வந்தால், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் பர்லியாறு அரசு தோட்டக்கலைப் பண்ணையில் டுரியான் மரங்கள் இருக்கின்றன. குழந்தைப்பேறு தரும் என்ற நம்பிக்கையில் அந்தப் பழத்தைத் தேடி வருபவர்கள் அதிகம். அதற்கு மருத்துவச் சான்று கிடையாது, சுவைக்காக வாங்கலாம். முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள்.