சென்னையிலிருந்து அலைச்சறுக்குப் பயணம் போக விமானம், ரயில், கார் இவற்றில் எது சரிப்படும்?

போர்டை, அதாவது அலைச்சறுக்குப் பலகையை, கூடவே கொண்டுபோகிறீர்களா, போகிற ஊரில் வாடகைக்கு எடுக்கப்போகிறீர்களா? அதைப் பொறுத்துத்தான் பதில். கோவளம், மாமல்லபுரம் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஈ.சி.ஆரில் பைக்கிலேயே போய்வரலாம். நான் சொல்வது கேரளத்து வர்க்கலை, கர்நாடகத்து முல்கி, தூத்துக்குடிப் பக்கத்து மணப்பாடு மாதிரி தூரத்து ஊர்களுக்கு.

போர்டோடு விமானம் ஏறியது ஒரே ஒரு தடவை, திருவனந்தபுரத்துக்கு. என்னுடையது 6 அடி 2 அங்குலம். கவுண்டரில் இருந்தவர் பையை நிமிர்த்திப் பார்த்தார், படுக்கவைத்துப் பார்த்தார், யாருக்கோ போன் போட்டார். கடைசியில் அளவு மீறிய சாமான் என்று தனிக் கட்டணம். இறங்கிப் பையைத் திறந்தால் வால் பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு நசுங்கி, ஃபைபர் பிளந்து, உள்ளே வெள்ளை ஃபோம் தெரிகிறது. போர்டுக்கு அடியில் இருக்கும் ஃபின்னை (துடுப்பை)க் கழற்றி, துண்டு சுற்றி வைத்தும் இந்தக் கதி. அந்த ஓட்டையோடு கடலில் இறங்கினால் போர்டு தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். வர்க்கலையில் முதல் நாள் ஓட்டையை அடைக்கும் ரெசின் பிசினைப் பூசிக் காயவைப்பதிலேயே போயிற்று.

ரயிலில் பெட்டிக்குள் கொண்டுபோகும் சாமான் 100 × 60 × 25 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் லக்கேஜ் வேன். மூட்டைகளுக்கு அடியில் போடுவதற்கு வீட்டிலேயே விட்டுவிடலாம். நான் ஒரு தடவை மங்களூர் மெயிலில் அப்பர் பெர்த்தில் சுவரோரம் போர்டு, இந்தப் பக்கம் நான் என்று ஒருக்களித்தே படுத்துப் போனேன். கீழே இருந்த பெரியவர், "இஸ்திரிப் பலகையா தம்பி?" என்றார். டிடிஆர் கண்டுகொள்ளவில்லை, அது என் அதிர்ஷ்டம். இப்போதெல்லாம் முல்கிக்கு வெறுங்கையோடுதான் ரயில். ராத்திரி ஏறினால் மறுநாள் மதியவாக்கில் மங்களூர், அங்கிருந்து 30 கிலோமீட்டர் சொச்சம். போர்டு அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

ஜூன், ஜூலையில் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும். அப்போது நமக்கு மணப்பாடுதான், அதற்குக் கார்தான். 600 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, ஆனால் மூன்று பேர் சேர்ந்தால் டீசல் காசு பெரிதாகத் தெரியாது. காற்று சரியில்லையென்றால் கடற்கரையிலேயே காத்திருக்கலாம், வேறு கரை தேடியும் போகலாம். போர்டைக் கூரையில் கட்டும்போது பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டுங்கள். தட்டையாக விட்டால் 80 கிலோமீட்டர் வேகத்தில் 'ங்ஙொய்' என்று வழிநெடுக ஊளையிடும். அப்புறம், பூட்டிய காரை வெயிலில் விட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். கால் வழுக்காமலிருக்க போர்டில் தேய்த்த மெழுகு உருகி சீட்டெல்லாம் பிசுபிசுத்துவிடும்.

தனியாக என்றால் காரை எடுப்பதில்லை. காலையெல்லாம் அலையில் கையால் துழாவிக் களைத்த தோளோடு மணப்பாட்டிலிருந்து கிளம்பி, ஒரு தடவை விராலிமலைப் பக்கம் கண் சொக்கிவிட்டது. டீக்கடை ஓரம் நிறுத்திப் படுத்தவன், எழுந்தபோது இருட்டிவிட்டிருந்தது.