வீடற்றோர் காப்பகச் சமையலறையில் உதவ, சமைக்கத் தெரிந்திருக்க வேண்டுமா?

சமையல் தெரியாதவர் வீடற்றோர் காப்பகத்தின் சமையலறையில் தன்னார்வலராகச் சேர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேரலாம், அடுப்படிப் பொறுப்பு பெரும்பாலும் அனுபவமுள்ளவரிடமே இருக்கும் என்பதால், புதியவருக்குக் காய் நறுக்குவதும் பரிமாறுவதும் அண்டா தேய்ப்பதுமே முதலில் வாய்க்கும்.

அங்கே கைப்பக்குவத்தைவிடச் சுத்தம் முக்கியம். உண்ண வருபவர்களுள் முதியோரும் நோயாளிகளும் இருப்பார்கள், ஓர் அண்டாவில் நேரும் பிழை அத்தனை பேரையும் பாதிக்கும். சமைத்த உணவைப் பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும் என்றும், அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. மிஞ்சியதை அண்டாவோடு குளிர்பெட்டியில் வைத்தால், ஓரம் குளிர்ந்த பின்னும் நடுப்பகுதி நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருந்து கிருமிகளை வளர்க்கும். ஆகவே ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஆறவைக்க வேண்டும். வயிற்றுப்போக்கு இருந்தால் அன்று போகாதீர்கள்.

உண்மையில் கடினமான வேலை பரிமாறுவதுதான் என்பது என் கருத்து. “போதுமா?” என்பது நிறுத்தச் சொல்வதுபோல ஒலிக்கும், “இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?” என்று கேளுங்கள். அவர்களாகச் சொன்னாலொழிய வாழ்க்கைக் கதையைத் துருவாதீர்கள், படமும் எடுக்காதீர்கள். விழா நாள்களில் உதவ வருவோர் கூட்டமாக இருக்கும் என்பதால், சாதாரண வாரநாள் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.