புரட்டிப் பார்த்து வாங்குங்கள்: வாசகர் கேள்வி பதில்

வீட்டுச் சாமான் பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள். ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஓர் அலமாரி பார்த்தோம். 150 வருடப் பழசு, அசல் பர்மா தேக்கு என்கிறார் கடைக்காரர். எப்படி நம்புவது? (வாசகி, மதுரை)

பர்மா தேக்கு என்பது உண்மையாகவே இருக்கலாம். நகரத்தார் பர்மாவில் வட்டித் தொழில் செய்த காலத்தில் கப்பல் கப்பலாக மரம் வந்து செட்டிநாட்டில் இறங்கியது. தூண், நிலை, கட்டில் எல்லாம் அதில்தான். 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபின் அந்தத் தொழில் ஒடிந்தது. அப்புறம் பங்காளிகள் ஆளுக்கொரு ஊர் போய், அரண்மனை மாதிரி வீட்டைப் பராமரிக்க வழியில்லாமல் பிரித்து விற்ற சாமான்கள் நிறைய அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தன.

ஆனால் பழைய மரம் வேறு, பழைய அலமாரி வேறு. இடித்த வீட்டின் உத்தரத்தை அறுத்துப் போன மாதம் செய்த அலமாரியும் பர்மா தேக்குதான். அதை மட்டமென்று சொல்ல மாட்டேன், இன்றைக்குக் கிடைக்கும் இளந்தேக்கைவிடப் பல சமயம் நல்ல சாமான் அது. பழைய மரத்தில் புதிதாகச் செய்ததற்கு என்ன விலையோ அதைக் கொடுங்கள், 150 வருடத்தின் விலையைக் கொடுக்காதீர்கள்.

எப்படிப் பிரித்தறிவது? முன்பக்கப் பளபளப்பை விட்டுவிட்டு, இழுப்பறையை முழுதாக வெளியே உருவிக் கவிழ்த்துப் பாருங்கள். பழைய இழுப்பறையின் அடிப்பலகைக்குப் பெரும்பாலும் பாலிஷ் போட்டிருக்க மாட்டார்கள். விரலைக் குறுக்கே ஓட்டினால் கையால் இழைத்த லேசான மேடுபள்ளம் தட்டுப்படும், இழுத்து இழுத்துப் பக்கவாட்டு விளிம்பு தேய்ந்திருக்கும். சம்பந்தமே இல்லாத இடத்தில் சதுரமாக ஒரு துளையை மரத்துண்டு வைத்து அடைத்திருந்தால், அந்தப் பலகை முன்னே கதவாகவோ நிலையாகவோ இருந்திருக்கும், அந்த இடத்தில் தாழ்ப்பாள் இருந்திருக்கும். உள்ளே மறைவான இடத்தில் ஸ்க்ரூவின் தலையையும் பாருங்கள். கூட்டல் குறி வெட்டிய ஸ்க்ரூ உலகத்துக்கே 1930-களில்தான் வந்தது. கீலில் இருந்தால் பின்னால் மாற்றியதாக இருக்கலாம், எல்லா இணைப்பிலும் அதுவே இருந்தால் 150 வருடக் கதையை விட்டுவிடுங்கள்.

நான் ஒருமுறை 100 வருடப் பழசு என்று ஒரு வட்ட மேசை வாங்கினேன். வீட்டில் டேப் வைத்து அளந்தால், மரத்தின் ரேகையோடு அளந்தாலும் குறுக்கே அளந்தாலும் சரியாக மூன்றடி. மரம் ரேகைக்குக் குறுக்கேதான் அதிகம் சுருங்கும், நீளவாக்கில் சுருங்குவது மிகக் கொஞ்சம். அதனால் நிஜமான பழைய வட்டப் பலகை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு முட்டை வடிவம் ஆகியிருக்கும். விற்றவரிடம் திரும்பப் போனேன், எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். கடைக்கு டேப் எடுத்துக்கொண்டு போங்கள்.

தேவகோட்டை வீட்டிலிருந்து ஆத்தாவின் தேக்கு ஊஞ்சல் வருகிறது. சென்னையில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் மாட்ட முடியுமா? விற்றுவிடலாம் என்கிறார் கணவர். (வாசகி, வேளச்சேரி)

விற்காதீர்கள், மாட்டவும் அவசரப்படாதீர்கள். ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அங்குல கனத்தில் ஒரு தேக்குப் பலகை கிட்டத்தட்ட 28 கிலோ இருக்கும். மூன்று பேர் உட்கார்ந்து, சங்கிலியும் சேர்ந்தால் 250 கிலோவை நெருங்கும், ஆடும்போது கொக்கியில் விழும் இழுவை இன்னும் அதிகம். பழைய வீட்டில் கட்டும்போதே உத்தரத்தில் வளையம் இறக்கியிருப்பார்கள். உங்கள் வீட்டில் இரண்டு பீமுக்கு நடுவே வெறும் தளத்தில் துளை போட்டு மாட்டுவது ஆபத்து. கட்டட வரைபடத்தோடு ஒரு பொறியாளரைக் கூப்பிட்டு, எந்த பீமில் கொக்கி போடலாம் என்று எழுதி வாங்குங்கள். இடத்தையும் பாருங்கள், பலகையின் அகலம் போக முன்னும் பின்னும் மூன்று மூன்று அடி காலியாக வேண்டும்.

முடியாது என்றால், பலகையில் ஒரு துளைகூடப் போடாமல் கீழே தனியாக ஒரு மரச்சட்டம் செய்து அதன்மேல் வைத்துவிடுங்கள், ஹாலில் திவான் ஆகிவிடும். சங்கிலிகளைத் துடைத்து எண்ணெய் தடவித் துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். நாளைக்குச் சொந்த வீடு கட்டும்போது அந்த ஊஞ்சல் திரும்ப ஆடும்.

திருமணமாகி வாடகை வீட்டுக்குப் போகிறோம். கையில் ஒரு லட்சம்தான். எல்லாம் புதிதாக வாங்குவதா, பழசா? (வாசகர், திருச்சி)

மெத்தை புதிதாக இருக்கட்டும், அதில் சிக்கனம் வேண்டாம். மேசை, நாற்காலி, புத்தக அலமாரி இவற்றுக்கு நாற்பது ஐம்பது வருடச் சாமான்களைத் தேடுங்கள். ஆன்டிக் என்றால் 100 வருடத்துக்கு மேல், இவை அந்தக் கணக்கில் வராது, விண்டேஜ் என்பார்கள். அதனாலேயே பல ஊர்களில் பழைய சாமான் கடைக்காரர் இவற்றைப் பெரிதாக மதிப்பதில்லை, விலையும் கட்டுப்படி ஆகும். பிரம்புப் பின்னல் போட்ட தேக்கு நாற்காலி கிடைத்தால் பின்னல் கிழிந்திருந்தாலும் வாங்குங்கள், சட்டம் ஆடாமல் இருந்தால் போதும். பின்னலைப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், பார்வையற்றோர் பலர் அந்தத் தொழிலில் தேர்ந்தவர்கள், விசாரித்துப் பாருங்கள்.

புதிதாக வாங்கும்போது ‘இன்ஜினியர்டு வுட்’ என்ற பெயரைக் கேட்டு மரம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் மரத்தூளையோ சிறு துண்டுகளையோ பசை போட்டு அழுத்திய பலகை அது. தண்ணீர் பட்டால் உப்பும், வீடு மாறும்போது ஒருமுறை கழற்றி மாட்டினாலே ஸ்க்ரூ பிடிக்காமல் போகலாம். வாடகை வீட்டுக்காரருக்கு அதுதான் பெரிய தொல்லை. பிளைவுட்டில் செய்யச் சொன்னால் பலகையில் இந்தியத் தர முத்திரையைப் பாருங்கள்: ஐஎஸ் 303 சாதாரண உபயோகத்துக்கு, ஐஎஸ் 710 தண்ணீர் படும் இடத்துக்கு. சமையலறைக்கு இரண்டாவதையே கேளுங்கள்.

இன்னொன்று, காசு கொடுக்குமுன் மாடிப்படித் திருப்பத்தையும் வாசற்கதவையும் அளந்துவிடுங்கள். ஏழடி உயர அலமாரி, கழற்ற முடியாத ஜாதியாக இருந்தால், தெருவிலேயே நிற்கும்.

தாத்தாவின் நாற்காலிக்கு அடியில் மாவு மாதிரித் தூள் விழுகிறது. வீட்டில் மற்ற சாமானுக்கும் பரவுமா? (வாசகர், கும்பகோணம்)

பரவலாம். கரையான் என்றால் பெரும்பாலும் மண் கோடு இருக்கும், இது மரம் உளுக்கிறது, வண்டு. முதலில் நாற்காலியைத் தனியாக வைத்து, நன்றாகத் துடைத்து, அடியில் கறுப்புத் தாளை விரித்து இரண்டு வாரம் பாருங்கள். தூள் புதிதாக விழவில்லை என்றால் அவை பெரும்பாலும் பழைய ஓட்டைகள். விழுந்தால், மரப்பூச்சிக்கென்று விற்கும் மருந்தை ஊசிக் குழாயால் ஒவ்வொரு ஓட்டையிலும் ஏற்றுங்கள். வெளுத்த ஓரப் பலகையைத்தான் பெரும்பாலும் தின்னும், வைரம் பாய்ந்த தேக்கில் அதிகம் ஏறாது. வண்டு தின்ற சட்டத்தை மட்டும் ஆசாரியிடம் சொல்லி மாற்றிவிடலாம்.

அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குக் கொள்ளுத்தாத்தாவின் கணக்குப்பெட்டியை அனுப்ப ஆசை. தடை உண்டா? (வாசகர், புதுக்கோட்டை)

உண்டு. 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடத்துக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருளாகக் கருதப்படும், தனியார் அதை நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. பெட்டி அந்த வயதை எட்டவில்லை என்று நினைத்தால், படங்களோடு இந்தியத் தொல்லியல் துறையிடம் விண்ணப்பித்து ‘இது தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். ஈட்டி மரம் என்றால் அதற்குத் தனி அனுமதி தேவைப்படலாம், அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சான்று கிடைக்கவில்லை என்றால் பெட்டி புதுக்கோட்டையிலேயே இருக்கட்டும். மகன் அடுத்த முறை வரும்போது மூடியைத் திறந்து, ரகசிய அறை இருந்தால் அது எப்படித் திறக்கும் என்று நீங்களே சொல்லிக்கொடுங்கள்.